வேலையை விட்டுக் காட்டுக்குப் போனவர்கள்

சென்ற முறை நாம் கூடியபோது, மதியச் சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்த பழைய ஹாஸ்டல் நண்பன் இரண்டு கேள்விகள் கேட்டான். "ஏண்டா, நெஜமாவே வேலையை விட்டுட்டியா? மாசம் எவ்வளவு வருது?" இது முதல் கேள்வி. "உனக்கு முன்னாடி யாராச்சும் இப்படிப் பண்ணி உருப்பட்டிருக்காங்களா?" இது இரண்டாவது.

முதல் கேள்விக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். இரண்டாவது கேள்விக்கு அன்று எனக்கு உண்மையாகவே பதில் தெரியவில்லை. பாயசம் வந்தது, பேச்சு மாறியது. ஆனால் பஸ்ஸில் ஊர் திரும்பும்போது அந்தக் கேள்வி கூடவே வந்தது. மலர்க்குழு நண்பர்கள் "ஏதாவது எழுதிக் கொடுப்பா" என்று கேட்டபோது, அந்தப் பந்திக் கடனை இங்கே தீர்த்துவிடலாம் என்று தோன்றியது. இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். முதல் கேள்வியைக் கடைசியில் பார்ப்போம். நழுவ மாட்டேன்.

என்னைத் தெரியாத இளைய மாணவர்களுக்காகச் சில வரிகள். நான் பேராவூரணிக்காரன். 1934-இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதி. மேட்டூரைத் திறந்தாச்சு என்று பேப்பரில் படம் வந்த பிறகும் நாங்கள் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஊர். நம் கல்லூரியில் இயந்திரவியல் படித்து 2010-இல் வெளியே வந்தேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் 13 வருஷம் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். 2023-இல் ராஜினாமா செய்துவிட்டு, கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். காட்டுயிர்களைப் படம் எடுப்பது, அந்தப் படம் அவற்றைக் காப்பாற்ற ஏதாவது ஒரு விதத்தில் பயன்படும்படி செய்வது. இப்போது அதுதான் என் தொழில்.

வரியை வைத்து அடையாளம்

நம் நாட்டில் காட்டு விலங்கைத் துப்பாக்கிக்குப் பதிலாகக் கேமராவால் "சுட்ட" முன்னோடிகளில் முக்கியமானவர் எஃப்.டபிள்யூ. சாம்பியன். ஆங்கிலேயர். முதலில் கிழக்கு வங்காளத்தில் போலீஸ் துறையில் இருந்தார். முதல் உலகப்போருக்குப் பிறகு வனத்துறைக்கு வந்து ஐக்கிய மாகாணத்துக் காடுகளில் பணியாற்றினார். அந்தக் காலத்தில் அதிகாரி என்றால் புலியைச் சுட்டு, அதன் மேல் கால் வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்வதுதான் பெருமை. இவர் அதை விரும்பவில்லை. புலி நடமாடும் தடத்தில் மெல்லிய கம்பியைக் கட்டிவைப்பார். இரவில் புலியின் கால் அதில் பட்டால் விளக்கு பளிச்சிடும், கேமரா தானே இயங்கும். 1927-இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் அந்தப் படங்கள் இடம்பெற்றன.

அவர் இன்னொன்றையும் கவனித்தார். ஒரு புலியின் வரி இன்னொரு புலிக்கு இருக்காது. ஆகவே படத்தை வைத்தே இது எந்தப் புலி என்று சொல்லிவிடலாம். பழைய போலீஸ்காரருக்குக் கைரேகை ஞாபகம் வந்திருக்குமோ என்று எனக்குத் தோன்றும்! இன்று நாடு முழுதும் தானியங்கிக் கேமரா வைத்துப் புலிகளைக் கணக்கெடுக்கிறார்களே, அதற்கு அடிப்படை இதே விஷயம்தான்.

சாம்பியனின் வழியைப் பார்த்துக் கேமராவுக்கு வந்தவர் ஜிம் கார்பெட். ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடியவர் என்றுதான் நம்மில் பலருக்குத் தெரியும். மனிதர் ரயில்வே பணியில் இருந்தவர். மொகாமா காட் என்ற கங்கைக்கரைத் துறையில் இருபது வருஷத்துக்கும் மேலாகச் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையை நடத்தியவர். பின்னாளில் சினிமாக் கேமராவோடு ஓடைக்கரையில் காத்திருந்து, சுடாமலே புலிகளைப் படம் பிடித்தார். 1936-இல் நாட்டின் முதல் தேசியப் பூங்கா அமைந்ததில் அவருக்கும் பங்கு உண்டு. இன்று அது அவர் பெயரிலேயே இருக்கிறது.

பெருங்குளம் ஹவுஸ் கிருஷ்ணன்

சரி, வெள்ளைக்காரர் கதை போதும். "நம்ம ஆளு யாரு?" என்று கேட்பீர்கள். இருக்கிறார். மா. கிருஷ்ணன்.

'பத்மாவதி சரித்திரம்' எழுதிய நாவலாசிரியர் அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை இவர். 1912 ஜூன் 30-இல் திருநெல்வேலியில் பிறந்தார். அப்பா மாதவையாவே ஒரு வேலையை விட்டவர்தான். உப்பு, சுங்க இலாகாவில் அதிகாரியாக இருந்து, முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு எழுத்தே கதி என்று வந்தவர். 1924-இல் 'பஞ்சாமிர்தம்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அடுத்த வருஷமே, பி.ஏ. படிப்பில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழக செனட்டில் பேசிய சமயத்தில் அங்கேயே உயிர் பிரிந்தது. அப்போது கிருஷ்ணனுக்கு 13 வயது.

கிருஷ்ணன் மாநிலக் கல்லூரியில் படித்தார். தாவரவியலில் எம்.ஏ., பிறகு சட்டமும் படித்தார். ஆனால் சென்னையில் பிடித்த மாதிரி நிலையான வேலை அமையவில்லை. 1942-இல் பெல்லாரிப் பக்கத்தில் உள்ள சண்டூர் என்ற சிறிய சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வாத்தியார், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவின் அரசியல் செயலாளர் என்று எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்தார். சண்டூரைச் சுற்றி மலையும் காடும். அலுவலக நேரம் போக மற்ற நேரத்தில் அவற்றைப் பார்த்துப் பார்த்து எழுதினார்.

1949-இல் சண்டூர் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. கிருஷ்ணன் மயிலாப்பூரில் அப்பா கட்டிய 'பெருங்குளம் ஹவுஸ்' வீட்டுக்குத் திரும்பினார். வயது 37. நம்மில் பலர் வீட்டுக்கடன் தவணையைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் வயது! அதற்குப் பிறகு அவர் நிரந்தர வேலை எதிலும் சேரவில்லை. கட்டுரைக்குக் கட்டுரை, படத்துக்குப் படம் என்று வரும் சன்மானத்தில்தான் குடும்பம் நடந்தது.

1950-இல் கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 'கண்ட்ரி நோட்புக்' என்ற பத்தியை எழுதத் தொடங்கினார். எத்தனை வருஷம் எழுதினார் தெரியுமா? 46 வருஷம்! யானை, புலி மட்டும் அல்ல. அணில், காக்கை, மைனா, தெருவில் மேயும் மாடு எல்லாமே அவருக்கு விஷயம்தான். 1996 பிப்ரவரி 18-இல் அவர் காலமானார். அன்றைய பத்திரிகையிலும் அவர் பத்தி வந்திருந்தது.

நம் இயந்திரவியல் துறை நண்பர்கள் ரசிக்கும்படி ஒரு செய்தி. கடையில் வாங்கிய கேமரா அவருக்குத் திருப்தி தரவில்லை. வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தனக்கென்று ஒன்றைக் கட்டிக்கொண்டார். கனமோ கனம். அதற்குத் தானே 'சூப்பர் பாண்டெரோசா' என்று கேலிப்பெயர் வைத்தார். கலர்ப் படத்துக்குப் போகாமல் கடைசிவரை கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார்.

1968-இல் நேரு ஆய்வு நிதி கிடைத்ததும், தென்னாட்டுக் காடுகளில் பெரிய பாலூட்டிகள் எங்கெங்கே எப்படி இருக்கின்றன என்று நேரில் போய்ப் பார்த்தார். 1975-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அதைப் புத்தகமாக வெளியிட்டது. 1959 முதல் 1970 வரை நம் காடு இருந்த நிலைக்கு அது ஒரு சாட்சி. 1970-இல் பத்மஸ்ரீ பட்டம் வந்தது. காட்டுயிர் பாதுகாப்பில் அரசுக்கு ஆலோசனை சொல்லும் வாரியத்திலும் இருந்தார்.

இப்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். "வேலையை விட்டார்" என்பது 1949-இல் நடந்த ஒரு நாள் சமாசாரம். "தொடர்ந்து செய்தார்" என்பது 46 வருஷச் சமாசாரம். நாம் மேடையில் கைதட்டுவது முதல் சமாசாரத்துக்கு. நாட்டுக்குப் பயன்பட்டதோ இரண்டாவது.

தஞ்சாவூர்க்காரர் ஒருவர், தபால்காரர் ஒருவர்

நம் மண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. 1932-இல் தஞ்சாவூரில் பிறந்தவர் டி.என்.ஏ. பெருமாள். பெங்களூரில் வாழ்ந்து, ஓ.சி. எட்வர்ட்ஸ் என்ற குருவிடம் கற்று, உலகப் புகழ் பெற்ற காட்டுயிர்ப் புகைப்படக்காரர் ஆனார். 2017-இல் மறைந்தார். அவரிடம் பாடம் கேட்டு வந்த இளைஞர்கள் பலர். கிருஷ்ணன் மறைந்த பிறகு அவருடைய படங்களையும் எழுத்துகளையும் தொகுத்து 2006-இல் ஒரு பெரிய நூல் வந்தது. அதைத் தொகுத்தவர்களில் பெருமாளும் ஒருவர். தான் எடுத்த படத்தைப் பார் என்று சொல்பவர்கள் நிறைந்த தொழிலில், இன்னொருவர் படத்தைக் காப்பாற்றி வைக்கக் காலத்தைச் செலவிட்டிருக்கிறார் பாருங்கள்.

வேலையை விடாமலே சாதித்தவரையும் சொல்லாவிட்டால் இந்த வரலாறு ஒருதலைப்பட்சமாகிவிடும். சு. தியடோர் பாஸ்கரன் தபால் இலாகாவில் சேர்ந்து, தமிழ்நாட்டின் தலைமை அஞ்சல்துறைத் தலைவராக 1998-இல் ஓய்வு பெற்றவர். பணியில் இருந்த காலம் முழுதும் காடு பார்த்தார், பறவை பார்த்தார், எழுதினார். காட்டுயிர் பற்றித் தமிழில் நல்ல நடையில் எழுத முடியும் என்று காட்டினார். கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகளை 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்துத் தந்தவரும் இவர்தான். ஆகவே இளைய தம்பி தங்கைகளே, ராஜினாமாக் கடிதம் ஒன்றும் நுழைவுச்சீட்டு அல்ல!

நம் காலத்து எஞ்சினீயர்கள்

இனி நம்மைப் போன்றவர்கள். கல்யாண் வர்மா பொறியியல் படித்துப் பெங்களூர் யாஹூ நிறுவனத்தில் இருந்தவர். 2000-களின் நடுவில் வேலையை விட்டு, பிளிகிரிரங்கன் மலையில் ஒரு காட்டு முகாமில் இயற்கை வழிகாட்டியாகச் சேர்ந்தார். முதலில் காட்டைக் கற்றுக்கொண்டார். இன்று நாடறிந்த காட்டுயிர்ப் புகைப்படக்காரர், படத்தயாரிப்பாளர்.

வால்பாறையையும் இங்கே சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே யானையும் மனிதனும் ஒரே பாதையில் நடக்கும் ஊர் அது. யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைச் செல்போன் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்காலும் முன்கூட்டியே சொல்லும் ஏற்பாட்டை ஆய்வாளர்கள் அங்கே செய்தார்கள். தோட்டத்து வீடுகளுக்கு அருகே யானை சாதாரணமாக நடந்துபோகும் படங்கள் வால்பாறையிலிருந்து நிறைய வந்தன. "யானை வந்தால் விரட்டு" என்பதைத் தவிர வேறு வழியும் உண்டு என்று வெளியூர்க்காரர்களுக்கு அவை காட்டின.

வெளிநாட்டில் ஒருவர், செபஸ்தியோ சல்காடோ. பிரேசில் நாட்டுக்காரர். லண்டனில் சர்வதேசக் காப்பி அமைப்பில் பொருளாதார நிபுணர். மனைவி வாங்கிய கேமராவைக் கையில் எடுத்தவர், 1973-இல் வேலையை விட்டார். உழைப்பாளிகளையும் அகதிகளையும் படம் எடுத்தார். ருவாண்டாவில் கண்ட கொடுமையில் மனம் நொந்து அப்பாவின் பண்ணைக்குத் திரும்பினார். அங்கே மரமெல்லாம் போய், மண் அரித்து, நிலம் கட்டாந்தரையாகக் கிடந்தது. 1998-இல் கணவனும் மனைவியும் ஓர் அமைப்பைத் தொடங்கி மரம் நட ஆரம்பித்தார்கள். இருபது லட்சத்துக்கும் மேல் மரங்கள் நட்டார்கள். காடு திரும்பி வந்தது. அந்தத் தெம்பில்தான் அவர் மறுபடி கேமராவை எடுத்து, உலகின் அழியாத இடங்களைத் தேடிப் போனார். 2025 மே மாதம் மறைந்தார்.

எங்கள் பேராவூரணிக்கே வருகிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல். அப்போது துபாயில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்த நிமல் ராகவன், பக்கத்து நாடியம் கிராமத்துக்காரர். அவர் ஊரோடு தங்கி, மற்ற இளைஞர்களோடு சேர்ந்து நிவாரண வேலையில் இறங்கினார். பிறகு 2019-இல் 500 ஏக்கருக்கு மேற்பட்ட பேராவூரணிப் பெரியகுளத்தைத் தூர்வார வைத்தார்கள். அவர் கையில் கேமரா இல்லை. மண்வெட்டியும் ஜேசிபியும்தான். ஆனால் இன்று அந்தக் குளத்துக்கு நாரை வந்து இறங்கினால் நான் படம் எடுக்கிறேன் என்றால், குளம் இருப்பதால்தானே!

என் கணக்கு

இப்போது என் கதை. நான் செய்த தப்பிலிருந்து தொடங்குகிறேன்.

வேலையை விட்ட முதல் வருஷம் நான் செய்தது முழுக்க முட்டாள்தனம். வருங்கால வைப்புநிதிப் பணத்தை எடுத்து, பெரிய லென்ஸ் ஒன்று வாங்கினேன். வடக்கே பிரபலமான புலிக்காடுகளுக்கு நாலு தடவை போனேன். ஒரு புலி, அதைச் சுற்றிப் பதினோரு ஜீப். பதினோரு ஜீப்பிலும் என்னுடையதைப் போலவே லென்ஸ். திரும்பி வந்து பார்த்தால் என் படமும் அடுத்தவர் படமும் ஒன்றாகவே இருந்தது. பத்திரிகைகளுக்கு அனுப்பினேன், பதிலே இல்லை. அந்தப் படத்தால் புலிக்கும் பிரயோஜனம் இல்லை, எனக்கும் இல்லை. பேங்க்கில் பணம் மட்டும் கரைந்தது.

ஒருநாள் அப்பா திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "ஏம்ப்பா, நம்ம பக்கத்துல எடுக்க ஒண்ணுமே இல்லியா?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அப்போதுதான் கஜா சமயம் ஞாபகம் வந்தது. எங்கள் தோப்பில் 140 தென்னை இருந்தது. மிஞ்சியது 11. நான் லீவு போட்டு வந்து, விழுந்த மரங்களைச் செல்போனில் படம் எடுத்தேன், நிவாரணக் கணக்கெடுப்புக்காக. மேகம், மழைநீரில் தெரியும் நிழல் என்று நான் கோணம் பார்த்துக்கொண்டிருந்தபோது, அப்பா மரத்துக்கு மரம் சுண்ணாம்பில் நம்பர் போட்டுக்கொண்டே வந்தார். "படம் அழகா இருக்கணும்னு இல்லடா. நம்பர் தெரியணும்" என்றார்.

பதின்மூன்று வருஷம் கம்பெனியில் நான் செய்ததும் அதுதானே? எந்தப் பாகம், எந்தத் தேதி, எந்த மெஷின், என்ன குறை என்று படிவத்தில் பதிந்தேன். விட்டுவிட்டு வந்தேன் என்று நினைத்த வேலைதான் எனக்குத் தேவைப்பட்டது. சாம்பியனுக்கு வரி, கிருஷ்ணனுக்குத் தாவரவியலும் அப்பாவின் பேனாவும், எனக்கு ஒரு தரக்கட்டுப்பாட்டுப் படிவம்!

அதன் பிறகு கடற்கரைக்குப் போக ஆரம்பித்தேன். எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் சேதுபாவாசத்திரம், மனோரா. நெப்போலியன் தோற்றதற்காகச் சரபோஜி மன்னர் கட்டிய மனோராவுக்குச் சின்ன வயசில் பிக்னிக் போயிருக்கிறோம். அதற்கு எதிரே கடலுக்குள் கடற்புல் வளர்ந்து கிடப்பது அப்போது தெரியாது. அந்தப் புல்லை மேயும் பிராணி ஆவுளியா, அதாவது கடற்பசு. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே இதுதான் முதல். நம் வீட்டு வாசலில்!

மீனவப் பெரியவர் ஒருவர் படகில் என்னை ஏற்றிக்கொண்டார். "அது உனக்கு போஸ் குடுக்காது தம்பி" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். உண்மைதான். தண்ணீர் கலங்கல். மூச்சு விட ஒரு நொடி மூக்கை நீட்டும், போய்விடும். இத்தனை நாளில் என்னிடம் இருப்பது மூன்று படம். மூன்றும் மங்கல். வலையில் சிக்கிய ஆவுளியாவைக் கஷ்டப்பட்டு விடுவித்து, அதைச் செல்போனில் எடுத்து வனத்துறைக்கு அனுப்பிப் பரிசு வாங்கும் மீனவர்களின் படம் என்னுடையதை விட எத்தனையோ மேல். பெரிய லென்ஸை வைத்துக்கொண்டு இதை ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று.

ஆனால் மாதம் ஒரு தடவை அதே இடங்களில் கடற்புல்லைப் படம் எடுக்கிறேன். பெரியகுளத்தின் அதே கரையில் நின்று நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கூழைக்கடா என்று எண்ணி எழுதிவைக்கிறேன். தேதி, நேரம், தண்ணீர் அளவு. சுவரில் மாட்டும் படம் அதில் வருஷத்துக்கு நாலு தேறினால் அதிகம். பத்து வருஷம் கழித்து "இங்கே என்ன இருந்தது?" என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஒரு கட்டு இருக்கும். அந்தக் கடற்கரைப் பள்ளிகளில் இந்தப் படங்களைக் காட்டும்போது, "இது எங்கப்பா வலை போடுற எடம்" என்று பிள்ளைகள் கத்துவார்கள். பரிசளிப்பு விழாவில் அப்படி ஒரு சத்தம் கிடைக்காது.

இனி, பந்தியில் கேட்ட முதல் கேள்வி. பழைய கம்பெனியில் கடைசியாகக் கைக்கு வந்தது மாதம் 92 ஆயிரம். இப்போது சராசரியாக 35 ஆயிரம். அதில் பாதிக்கு மேல் கல்யாணம், காதுகுத்து போட்டோவில் வருவது. ஆடி, மார்கழியில் அதுவும் இல்லை. என் மனைவி பள்ளி ஆசிரியை. அவள் சம்பளம் இல்லை என்றால் இந்தக் கட்டுரையும் இல்லை. ராஜினாமாவுக்கு முன் நான் அவளிடம் "செய்யப்போறேன்" என்று சொன்னேன், "செய்யலாமா?" என்று கேட்கவில்லை. அது என் தப்பு. வீட்டுக்கடன் இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது. மகள் பெரியவளாகி எஞ்சினீயரிங் படிக்க வேண்டும் என்றால் என்ன செய்வேன் என்று சில இரவு தூக்கம் வருவதில்லை. வேலையை விடலாமா என்று என்னிடம் யோசனை கேட்டு வரும் தம்பிகளிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் மேலே பேசுகிறேன்.

அவர்களிடம் கடைசியாக ஒன்று கேட்பேன். "வேலையில் இருக்கும்போதே, உன் ஊர்க் குளத்தை ஒரு வருஷம், மாதம் தவறாமல் போய்ப் பார்த்து எழுதிவைக்க முடியுமா?" முடியும் என்றால், வேலையை விட்டாலும் விடாவிட்டாலும் அவன் இந்த வரிசையில் சேர்ந்துவிட்டான். முடியாது என்றால், ராஜினாமாவால் அவனுக்கு நேரம் கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது.

நண்பா, பந்தியில் கேட்டாயே, "யாராச்சும் உருப்பட்டிருக்காங்களா" என்று? மேலே எழுதிய அத்தனை பேரும் உருப்பட்டவர்கள்தான். என் பெயரை அந்தப் பட்டியலில் சேர்க்க இன்னும் காலம் இருக்கிறது. அடுத்த சங்கமத்துக்கு வரும்போது பெரியகுளத்து நோட்டைக் கொண்டுவருகிறேன். பக்கத்து இலையில் உட்கார், புரட்டிப் பார்த்துவிட்டு நீயே சொல்.